ஏழாவது கூடை

“ரைமோ, இன்னிக்காவது ஏரிக்கு வலப்பக்கமா வீசுப்பா” என்றான் எஸ்கோ.

புதுத் தட்டின் அடியில் தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டிருந்த ரைமோ தலையாட்டினான். பிளாஸ்டிக் தட்டை வீசிக் கம்பத்துக் கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃபில் அவன் கெட்டிக்காரன். மற்ற கூடைகளில், மேலே தொங்கும் சங்கிலியில் தட்டைக் கொண்டுபோய் மாட்டிவிடுவான். இந்த ஏழாவது கூடையில் மட்டும் வாராவாரம் ஏரிக்குத் தாரை வார்ப்பான்.

வீசினான். தட்டு பிர்ச் மரங்களைத் தாண்டி நடு ஏரியில் விழுந்தது.

“பின்லாந்துலயே மீனுக்குத் தட்டு வாங்கிக் குடுக்கறவன் நீ ஒருத்தன்தான்.”

ஆட்டம் முடிந்து காபி குடிக்கும்போது போன் அடித்தது. ரைமோ இரண்டு முறை “சரி” என்று சொல்லிவிட்டு வைத்தான்.

“யாரு?”

“ஹில்கா. ஏரியில முழுகித் தட்டு எடுக்கறது இப்ப அவதானே.”

“உன்னை விட்டுட்டுப் போன பொண்டாட்டியா? உன் போனையே எடுக்க மாட்டாளே?”

“நான் கூப்பிட்டா எடுக்க மாட்டா. ஆனா தட்டு கிடைச்சவங்க, அதுல இருக்கற நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்லணும்ல. அந்த வழக்கத்தை அவ மீற மாட்டா.”

எஸ்கோ ஏரியைத் திரும்பிப் பார்த்தான்.

“என்ன சொன்னா?”

“தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருக்காம். அடுத்த வாரம் கரையோரமாப் போடச் சொன்னா.”