பன்னிரண்டு தோள்

வலது தோள் காந்தியது. காலையிலிருந்து மூன்று கல் அதன் மேல்தான் ஏறி இறங்கியிருக்கிறது.

கல் தூக்குகிற கழியை இடது பக்கம் மாற்றிக்கொள்ளலாம். அவன் மாற்றவில்லை.

இடது தோள் பச்சியப்பனுக்கு.

பச்சியப்பன் விடியற்காலையில் செத்துப்போனான். மூன்று மணிக்கு எடுப்பார்கள் என்று மச்சான் போனில் சொல்லியிருந்தான். ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கிற பச்சியப்பனின் மகள் வந்து சேர வேண்டும். வந்ததும் எடுத்துவிடுவார்கள்.


கொரோனா வருசத்தில் அவனுடைய அப்பன் செத்தபோது தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டது.

பாடைக்கு நாலு மூலை. அவன், தம்பி, மச்சான். மூன்று பேரை வைத்துக்கொண்டு பிணத்தைத் தூக்க முடியாது. இழுக்கலாம்.

பச்சியப்பன் பக்கத்து ஊர்க்காரன். சொந்தமில்லை, பந்தமில்லை. கல் வேலையில் கூட நின்றவன், அவ்வளவுதான். சேதி கேட்டுச் சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு வந்தான். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நாலாவது மூலைக்குத் தோள் கொடுத்தான்.

அவர்கள் பக்கம் இதற்குப் பணம் கிடையாது. மாலை போட்டும் கழிக்க முடியாது. தோளுக்குத் தோள். கொடுத்தவன் வீட்டில் சாவு விழுந்தால் வாங்கியவன் போய் நிற்க வேண்டும். நிற்காதவனை யாரும் ஏசமாட்டார்கள்.

ஏசினால் பரவாயில்லை.


குன்றுச் சரிவில் ஒரு கற்குவியல். அதன் நடுவில் நாலு பலகைக்கல்லை நட்டு, மேலே ஒரு மூடுகல். ஊரில் பாண்டவர் வீடு என்பார்கள். பாண்டவருமில்லை, வீடுமில்லை, யாரோ செத்தவரை வைத்த இடம் என்று தோண்ட வந்த தொல்லியல் அதிகாரி சொன்னார். இரண்டாயிரத்துச் சொச்சம் வருசமாம்.

சரிவில் கிரேன் ஏறாது. மூடுகல்லை எடுத்துத் தள்ளி வைக்கும்போது ஒரு கீறல் விழக்கூடாது. அதனால்தான் கல் சுமக்கிற ஆட்கள் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

மூடுகல்லுக்குக் கயிறு கட்டும்போதே மணி இரண்டரை.

அவன் மேஸ்திரி தீர்த்தகிரியிடம் போய் நின்றான்.

“ஒரே தூக்குடா. பதினாலு எட்டு நடந்தா போதும். வெச்சிட்டு ஓடிப்போயிரு. நீ இல்லன்னா பதினோரு பேரு. உன் எடத்துல நான் நிக்கட்டுமா, இந்தத் தொப்பைய வெச்சிக்கிட்டு?”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான்.

மகள் எங்கே அதற்குள் வரப்போகிறாள் என்று நினைத்தான். ஓசூர் பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்தது?

கழியின் கீழே குனிந்து வலது தோளைக் கொடுத்தான்.


கயிறு இறுகியது. கழிகள் முனகின. கல் எழுந்தது.

ஆறாவது எட்டில் பறை கேட்டது.

கீழே ஏரிக்கரை மேல் வந்துகொண்டிருந்தார்கள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஓரக்கண்ணில் எவ்வளவு விழுந்ததோ அவ்வளவுதான். பூ. ஊதுவத்திப் புகை. பாடை பின்பக்கம் ஒரு மூலையில் சரிந்திருந்தது. இளவட்டமெல்லாம் ஓசூரில் இருக்கிறது. அந்த மூலையில் நின்றது பச்சியப்பனின் அண்ணன். எழுபது வயசு. நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று நின்று நடந்தார்.

அவன் கால் தானாக ஒரு விரற்கடை விலகியது.

கழி அசைந்தது.

அதே கழியில் பின்னால் இருந்த சென்றாயன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னான். “மாமா, தோள எடுத்துராத. எடுத்தா என் காலு போச்சி.”

அவன் எடுக்கவில்லை.

ஏழு.

எட்டு.

பறை வளைவில் திரும்பியது.

ஒன்பது.


கல்லை மணல்மூட்டைகள் மேல் உட்காரவைத்து, கடப்பாரையால் நெம்பி, அடியிலிருந்த கயிற்றை உருவி எடுக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. அதுவரை பன்னிரண்டு பேரில் ஒருத்தரும் நகர முடியவில்லை. ஒரு கீறல் இல்லை. அதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அன்னிக்கும் இப்படித்தான் தூக்கியிருப்பாங்க, இல்ல? பன்னிரண்டு பேரு.”

“அவங்க செத்தவனுக்குத் தூக்குனாங்க சார்” என்றார் தீர்த்தகிரி. “நாங்க கூலிக்கு.”

அவன் குழிக்குள் எட்டிப் பார்த்தான். மண்தான். ஓரமாக ஒரு கறுப்புச் சட்டியின் வாய் மட்டும் தெரிந்தது.

பேர் தெரியாத இவனுக்குப் பன்னிரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒருத்தனும் வேலை இருக்கிறதென்று சொல்லவில்லை.

துண்டை உதறிக்கொண்டு ஓடினான்.


இடுகாடு ஏரிக்கு அந்தப் பக்கம். சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

அவன் போய்ச் சேர்ந்தபோது குழி மூடியாயிற்று. மண்ணைக் குவித்து, நாய் தோண்டாமலிருக்க மேலே முள் வைத்திருந்தார்கள். ஆட்கள் ஏரியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பச்சியப்பனின் அண்ணன் கரையில் உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

“வேலையாப்பா?”

“ஆமாண்ணா.”

“சாப்டியா?”

அவன் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்தான். வலி இல்லை. ஒரு தடம்கூட இல்லை.

அந்த வீட்டில் இனி மூன்று பேர். பச்சியப்பனின் மனைவி. மகள். இந்த அண்ணன்.

மூன்று பேரும் நூறு வயசு இருக்கட்டும்.

அந்த வீட்டுக்கு ஒரு தோள் பாக்கி.