சத்தமில்லாத கபடி

சந்தையில் தீவிரவாதிகள் வைத்த குண்டு வெடித்ததில் உயிர் பிழைத்த பிறகு, பரமன் கபடி பார்க்க வந்தது இன்றுதான். சத்தம் கேட்டாலே உடம்பு உதறும் அவனுக்கு. அதனால், "எவனாவது விசிலடிச்சா பல்லு இருக்காது. துண்டச் சுத்துங்க, போதும்," என்று கேப்டன் முத்துராசு ஊரையே மிரட்டியிருந்தான். நடுவர்கூட விசிலை மடியில் செருகிவிட்டுக் கையைத்தான் தூக்கினார்.

கடைசி ரைடு. மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கியும் முத்துராசு கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டான். ஜெயித்தாயிற்று. திடலெங்கும் துண்டுகள் சுழன்றன, ஒரு வாயும் திறக்கவில்லை.

பரமன் விருட்டென்று எழுந்தான். பயந்து ஓடப்போகிறான் என்று மனைவி செல்லக்கிளி கையைப் பிடித்தாள்.

"விடு புள்ள." கூட்டத்தைப் பார்த்தான். "ஏன்டா, எழவு வீடா இது? கத்துங்கடா."

துண்டுகள் அப்படியே நின்றன. முத்துராசு மண்ணில் கிடந்தபடியே சிரித்தான்.

"மொதல்ல நீ கத்துண்ணே."

பரமன் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டான்.