குறைந்த ஒரு கோடு

ஜப்பானின் கோபே நகரில் அந்த நிலவறை அரங்குக்குள் மதிய வெயில் நாலு படி இறங்கி நின்றுவிடுகிறது. மேடையில் தொகாவாவின் கிதார் சாய்ந்திருக்க, அதன் முன்னால் வைத்த பீர் கோப்பையில் நுரை அடங்கிக்கொண்டிருக்கிறது. அவர் இறந்து இன்றோடு நாற்பத்தொன்பது நாள், அங்கே நினைவுச் சடங்குக்குரிய நாள். எந்தக் கச்சேரியையும் விடாத அவருடைய ரசிகர்கள் ஐந்து பேரும் கடைசிக் கச்சேரியைத்தான் பேசுகிறார்கள். "தந்தி அறுந்துச்சே, மனுஷன் சிரிச்சாரு பாரு!" "என்னப் பாத்துத்தான் சிரிச்சாரு," என்கிறாள் கயோகோ. "ஆமா, ஆரம்பிச்சிட்டா!" என்று மற்றவர்கள் அவளைக் கிண்டல் செய்கிறார்கள். குழுவில் டிரம்ஸ் வாசித்த ஒகுதா அந்தக் கடைசிக் கச்சேரியின் வாசல் தாளை மேசையில் விரிக்கிறார். ஒரே இரவில் பல குழுக்கள் வாசிப்பதால், 'யார கேக்க வந்தீங்க?' என்று வாசலில் கேட்டு, சொன்ன குழுவுக்கு நேரே ஆளுக்கொரு கோடு போடுவார்கள். ஐந்து கோடு சேர்ந்தால் 'சரி' என்று பொருள்படும் ஜப்பானிய எழுத்து ஒன்று முழுமையாகும். தொகாவாவின் குழுவுக்கு நேரே நாலுதான் இருக்கிறது. அடியில் வரவேண்டிய கோடு இல்லாமல் எழுத்து அந்தரத்தில் நிற்கிறது. அன்று முதன்முதலாக வாசிக்க வந்த அழகுப் பையன்களின் குழுப் பெயரை வாசலில் தான் வாய்கூசாமல் சொன்னது கயோகோவின் காதிலேயே இப்போது கேட்கிறது. "மேடையேறுறதுக்கு முன்னாடி எப்பவும் இதப் பாப்பான்," என்கிறார் ஒகுதா. "அன்னிக்குப் பாத்துட்டு, 'ஒண்ணு குறையுதே, யாருக்கோ உடம்பு முடியலபோல'ன்னு கவலப்பட்டான். அப்புறம் தந்தி அறுந்து நின்னப்ப, மேடைலேர்ந்து உங்க முகத்த ஒவ்வொண்ணா எண்ணினான். அஞ்சும் இருந்துச்சு. அப்பதான் சிரிச்சான்." கயோகோவால் மேடைப் பக்கம் திரும்ப முடியவில்லை.