மெல்போர்னிலிருந்து எத்தனை மணி நேரம்

"ஏனுங்க்கா, மெல்போர்ன்ல இருந்து இங்க வர எத்தன மணி நேரமாகுமுங்க?"

கல்யாண மண்டபத்துக்குள் காலை வைத்ததிலிருந்து பாவாத்தாளிடம் இதைக் கேட்கிற பதினோராவது ஆள்.

பாவாத்தாள் சளைக்காமல் சொன்னாள். சிங்கப்பூர் வரைக்கும் எட்டு மணி நேரம். அங்கே அஞ்சு மணி நேரம் தேவுடு காக்க வேண்டும். அப்புறம் கோயமுத்தூருக்கு நாலரை மணி நேரம். தூரம் ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாதவள்தான். ஆனால் டிக்கெட் போடுகிறவன்கூட இத்தனை சுத்தமாகச் சொல்ல மாட்டான். ஒன்பது வருடப் பழக்கம்.

"மக பிரவீனாவுக்கு லீவு கெடைக்கலீங்க," என்று மிச்சத்தைச் சொல்லி முடித்தார் அவள் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி.

விடிந்தால் மகன் மதன்குமாருக்கு முகூர்த்தம். இன்று சாயங்காலம் இணைச்சீர். கூறைப்புடவையின் ஒரு தலைப்பு மாப்பிள்ளை கையில், மறு தலைப்பு கூடப்பிறந்தவள் கையில். கல்யாணம் ஆனாலும் இந்த உறவு விட்டுப்போகாது என்று சபையறியச் செய்கிற சீர் அது. கூடப்பிறந்தவள் இல்லாத வீட்டில் பெரியப்பன் மகளோ சித்தப்பன் மகளோ நிற்பாள்.

இருக்கிற வீட்டில் அடுத்தவள் நிற்கலாமா? காலையிலிருந்து பாவாத்தாளுக்கு இதே நினைப்பு.

சித்தப்பன் மகள் எழில் பட்டுச்சேலையில் தயாராக நின்றாள். பாவம், அவளைச் சொல்லி என்ன குற்றம்.

சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் புடவையைக் கையில் எடுத்தார். "மாப்பிள்ளையோட பொறந்தவ வாங்க."

எழில் ஓர் அடி முன்னால் வைத்தாள். மதன்குமார் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். இருபத்தெட்டு வயதுப் பையனுக்குக் கண் கலங்கியிருந்தது.

அவ்வளவுதான், பெற்றவளுக்குப் பொறுக்கவில்லை.

"சித்த நில்லு அம்மணி," என்று எழிலின் தோளைத் தொட்டுவிட்டு, இடுப்பில் செருகியிருந்த செல்போனை எடுத்தாள். "இந்தா புள்ள, வேண்டாம்," என்று வெள்ளியங்கிரி பல்லைக் கடித்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அது அவள் காதில் ஏறவில்லை.

மகளை வீடியோவில் நிற்கவைக்கப் போகிறாளாக்கும் என்று பின்வரிசையில் யாரோ மெச்சிக்கொண்டார்கள். மண்டபமே அவள் வாயைப் பார்த்தது.

"கண்ணு பிரவீனா, இணைச்சீருக்கு நேரமாச்சு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு ஒரு ஆட்டோவப் புடிச்சு வா. துடியலூர்ல இருந்து இங்க வர பதினஞ்சு நிமிசந்தானே."

சாதி விட்டுக் கட்டிக்கொண்ட மகளை வெள்ளியங்கிரி ஒன்பது வருடத்துக்கு முன்னாலேயே ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியிருந்தார், வாயாலேயே.

அருமைக்காரர் வெள்ளியங்கிரியைப் பார்த்தார். அவர் தலை நிமிரவில்லை. பெரியவர் புடவையைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புள்ள வரட்டுமுங்க. காத்திருக்கலாம்."