ஃபோர்மேன் கட்சி மாறிவிட்டார்

"மனுஷனா அவன்? கல்லு!"

பஸ் டிப்போவிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதே மெக்கானிக் பொரிந்து தள்ளினார். கல்லு என்றது அவருடைய ஃபோர்மேனை.

பிழைக்க வந்த நாட்டில் மெக்கானிக்குக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சொந்த நாட்டில் சண்டை மூண்டு, அப்பா கட்டிய வீடு தரைமட்டமானதிலிருந்து மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த ஊர்க்காரர் ஒருத்தராவது 'உங்க பக்கம்தான் நியாயம்' என்று சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கினார். பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டே பேசினார். தரையில் கிரீஸால் மேப் போட்டுக் காட்டினார்.

இந்த ஊர்க்காரரான ஃபோர்மேன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். பிறகு துணியில் கையைத் துடைத்தபடி ஒரே பதில்தான்.

"இது சிக்கலான விஷயம். ரெண்டு பக்கமும் பார்த்துத்தான் பேசணும்."

இன்றைக்கும் அதே பதில்.

"இதுல என்னடி சிக்கல்? மனசாட்சி இருந்தா யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று குதித்தார்.

மனைவி வெங்காயம் உரிப்பதிலேயே குறியாக இருந்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வீட்டுல இருக்கிறதுகளுக்கே அக்கறை இல்ல. அவனைச் சொல்லி என்ன!"

மறுநாள்தான் அந்த அதிசயம் நடந்தது. மதியம் டிப்போவில் சாப்பிடும்போது யாரோ டிவியில் சண்டைச் செய்தியைப் பார்த்து உச்சுக்கொட்ட, ஃபோர்மேன் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்தார்.

"இதுல ரெண்டு பக்கமெல்லாம் கிடையாது. வீட்டை இழந்தவங்க பக்கம்தான் நியாயம். நம்ம மெக்கானிக் சொல்றதுதான் சரி."

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. கையால் துடைத்ததில் முகமெல்லாம் கிரீஸ். அதைக் கழுவாமலேயே வீட்டுக்கு ஓடி வந்தார்.

"உலகம் முழிச்சுக்கிச்சுடி! பேசிப் பேசியே கல்லைக் கரைச்சிட்டேன்! என்ன மனுஷன் அவரு!"

"நேத்து வரைக்கும் 'அவன்' இல்ல?" என்றாள் மனைவி.

அன்றைக்கு வெகுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஃபோர்மேன், இஸ்திரி போட்ட சட்டையில். கூடவே அவர் மனைவியும் மகனும்.

"வாங்க சார், வாங்க! எல்லாருக்கும் டீ போடுடி! நான் சொன்னது கடைசியில உங்களுக்கு உறைச்சுதே, அது போதும் சார்!"

ஃபோர்மேன் நெளிந்தார். "உண்மையைச் சொல்லிடறேன். நீங்க சொன்னது எதுவும் எனக்கு மண்டையில ஏறல. உங்க பொண்ணுதான் எங்க வீட்டுக்கு வந்தப்போ, உங்கப்பா வீடு முன்னாடி எப்படி இருந்தது, இப்ப எப்படிக் கிடக்குதுன்னு போட்டோ காட்டினா. அப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல."

"எங்க பொண்ணா? உங்க வீட்டுக்கா? எதுக்கு?"

ஃபோர்மேன் தன் மகனைப் பார்த்தார். அவன் மெக்கானிக்கின் மகளைப் பார்த்தான். அவள் போனைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேரும் விரும்பறாங்க. எங்களுக்குப் பூரண சம்மதம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஆச்சரியத்தின் சுவடே இல்லை. வேறு நாடு, வேறு பாஷை, வேறு ஜனம்! தொண்டையைச் செருமினார். நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து, அழுக்கே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டார்.

"இது சிக்கலான விஷயம் சார். ரெண்டு பக்கமும் பார்த்துத்தான் பேசணும்."

மனைவி டீத் தட்டை அவர் முன்னால் நீட்டினாள்.

"மனசாட்சி இருந்தா யோசிக்கிறதுக்கு என்னங்க இருக்கு?"