பன்னிரண்டாம் மாடிக் குரூஸ்

“பார் பிள்ளை, நல்லாப் பார். மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தின்னுறான். உவன் தமிழன் இல்லையெண்டு ஆராவது சொல்லட்டும் பாப்பம்!”

சீமோன் பார்க்கின் மறுகோடி வாங்கிலில் உட்கார்ந்திருந்தவரை நோக்கிக் கையை நீட்டினார். நிரோஷினி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“அப்பா, ஆக்களைக் கை காட்டாதேங்கோ. அவர் பாத்துக்கொண்டு இருக்கிறார்.”

“பாக்கட்டும். பாக்க மட்டும்தானே தெரியும் அந்தத் துரைக்கு.”

மன்னார் வங்காலையிலிருந்து சீமோன் வெளிநாட்டில் இருந்த மகளிடம் வந்து எட்டு மாதம். மகளும் மருமகனும் விடிய வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வீடு திரும்புவார்கள். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் பகல் முழுக்க அவருக்குத் துணை ரிவி ஒன்றுதான், அதுவும் தான் பேசுமே தவிர அவர் சொல்வதைக் கேட்காது.

இந்த நிலையில்தான் பன்னிரண்டாம் மாடிக்கு இந்த மனிதர் குடிவந்தார். கறுத்த முகம், கத்தரித்துவிட்ட மீசை, கழுத்தில் சீமோனுடையதைப் போலவே மாதா சுரூபம் தொங்கும் சங்கிலி. வாசலில் இருந்த பெயர்ப் பட்டியலை எழுத்துக்கூட்டி வாசித்து, பெயர் குரூஸ் என்று கண்டுபிடித்தபோது சீமோனுக்குத் தலைகால் தெரியவில்லை. குரூஸ் என்றால் மன்னார். மன்னாரிலும் அனேகமாகப் பேசாலை.

அடுத்த நாளே லிஃப்ற்றுக்குள் அவரைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் எவரைக் கண்டாலும் முதலில் கேட்கும் கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

“ஐயா, நீங்கள் ஊரில எவ்விடம்?”

குரூஸ் முகமெல்லாம் சிரிப்பாகி, கையை ஆட்டி ஆட்டி நீளமாக ஏதோ சொன்னார். சீமோன் விடாமல் இன்னொருமுறை தமிழில் கேட்டார். குரூஸின் சிரிப்பு அப்படியே வற்றிப்போனது.

“இங்கிலீசில வெளுத்து வாங்குறான்!” அன்று பின்னேரம் சீமோன் மகளிடம் குமுறினார். “எனக்குத் தெரிஞ்சது யெஸ், நோ, தாங்க்யூ, சொறி. அந்த நாலில ஒண்டாவது அவன்ர வாயில வரேல்லை. அவ்வளவு பெரிய இங்கிலீசு!”

அன்று தொடங்கிய எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து சீமோன் கோயிலை விட்டு வெளியே வர, குரூஸ் அடுத்த பூசைக்கு உள்ளே போவார். எதிர்ப்பட்டால் சீமோனை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். தமிழ்ப் பூசையே வேண்டாம் என்கிறவனுக்கு ஊர்க்காரன் மட்டும் எதற்கு என்று சீமோனும் தன் பங்குக்குத் திருப்பிக்கொள்வார். இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது.

“நிரோ, நான் சொல்லுறதைக் கேள்.” சீமோனின் குரல் இறங்கியது. “கதைக்க ஒரு சீவன் இல்லாமல் எனக்கு விசர் பிடிக்குது. ஊரான் ஒருத்தன் கிடைச்சும் மூஞ்சையைத் திருப்புறான். நீயே போய்க் கேள். அவன் என்னோட கதைக்கமாட்டன் எண்டு சொன்னா, ரிக்கெற்றைப் போடு. நான் போறன்.”

இந்தப் பேச்சு நிரோஷினிக்குப் புதிதல்ல. ஆனால் அலுமாரியில் இருந்த பாஸ்போட் அப்பாவின் தலையணைக்குக் கீழே வந்திருந்ததை அவள் காலையில்தான் பார்த்திருந்தாள்.

அவள் எழுந்து போனாள். குரூஸுக்குப் பக்கத்தில் அவருடைய மகள் இருந்தாள். நிரோஷினி அவளிடம் ஏதோ கேட்க, அவள் தகப்பனிடம் குனிந்து சொன்னாள்.

அவ்வளவுதான், மனிதர் துள்ளி எழுந்துவிட்டார். சீமோனைச் சுட்டிக்காட்டிக் கத்தினார். அதே பெரிய இங்கிலீசு. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சீமோனுக்குப் பொறுக்கவில்லை. பிழையையும் விட்டுவிட்டுச் சத்தமும் போடுகிறானா என்று விறுவிறென்று நடந்து வந்தார்.

“என்னவாம் உவருக்கு?”

நிரோஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவருக்கும் உங்களில சரியான கோவமாம், அப்பா. மூண்டு மாசமா உங்களோட கதைக்கப் பாக்கிறாராம். நீங்கள் சொந்தப் பாசையே விளங்காத மாதிரி நடிக்கிறீங்களாம். கதைக்க ஆளில்லை, ரிக்கெற்றைப் போடு எண்டு அவரும் மகளோட சண்டையாம்.”

“ஆர், நானோ நடிக்கிறன்? வங்காலையில பிறந்த எனக்கோ பாசை விளங்காது?”

குரூஸின் மகள் என்னவோ விளக்கிச் சொல்ல, அவர் நம்பாதவர்போலத் தலையை ஆட்டினார். சீமோனின் முகத்தையும் கழுத்திலிருந்த மாதா சுரூபத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வாங்கிலில் தள்ளி இருந்து இடம் விட்டு, மாங்காய்ப் பெட்டியை நீட்டினார்.

சீமோன் முறைப்பு மாறாமலே உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். உப்பும் உறைப்பும் அளவாகத்தான் இருந்தன. குரூஸ் மெதுவாக ஒன்று கேட்டார். அவர் மகள் அதை நிரோஷினியிடம் சொன்னாள்.

“இப்ப என்ன கேக்கிறான்?” என்றார் சீமோன், வாய் நிறைய மாங்காயுடன்.

“அப்பா, நீங்கள் மெக்சிக்கோவில எவ்விடமாம்?”