ஒட்டு கிழிஞ்சா கேரண்டி இல்ல

"அவரு துட்டு குடுத்த கார்டு இங்கன என் மிஷின்லதாம்லே கிடக்கு. கழத்தி மாத்திட்டேன். சீவலப்பேரி அண்ணாச்சிக்கு இது தெரியாண்டாம்."

கடை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தில்லைநாயகம் காதைத் தீட்டிக்கொண்டார். சீவலப்பேரி அண்ணாச்சி அவரேதான். உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசுகிறவன் டைட்டஸ், பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன்.

தில்லைநாயகம் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். வயது நாற்பத்தாறு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மணி நாலானால் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளாது. கல்லூரிக் கூட்டாளிகள் நாலு பேர், ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டுவார்கள். இவருடைய பத்து வருஷத்துப் பெட்டியில் கார் கிளம்புவதற்குள் மற்றவர்கள் ஒரு சுற்று முடித்திருப்பார்கள். 'லோடு லாரி' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

புதுசு வாங்க வசதி இல்லை. மனைவி சித்ரலேகா சீட்டுப் பணத்தில் எட்டாயிரம் எடுத்துக் கொடுத்து, இதற்கு மேல் ஒற்றை ரூபாய் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அதற்குள் ரேம், எஸ்.எஸ்.டி., செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு எல்லாம் வேண்டும் என்று டைட்டஸிடம் ஒரு மணி நேரம் பேரம் பேசிப் படியவைத்திருந்தார். பந்தயம் திக்காமல் ஓட அந்தக் கார்டுதான் உயிர். அதைத்தான் உருவிவிட்டான்.

அங்கேயே சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆதாரம் இல்லாமல் வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவான். இருமிக்கொண்டு உள்ளே போனார்.

டைட்டஸ் அவசரமாகப் போனை வைத்தான். வேலை முடிந்தது என்றான். கார் பந்தயத்தை ஓட்டியும் காட்டினான். நன்றாகத்தான் ஓடியது. கடையில் எல்லாம் ஓடத்தான் செய்யும், வீட்டுக்குப் போனால்தானே வண்டவாளம் தெரியும்.

பெட்டியின் திருகாணிமேல் சின்னதாக ஒரு தாள் ஒட்டியிருந்தான்.

"இந்த ஒட்டை மட்டும் கிழிச்சிராதீங்க அண்ணாச்சி. கிழிஞ்சா கேரண்டி இல்ல."

எல்லாக் கடையிலும் ஒட்டுகிற தாள்தான். இன்றைக்கு அது கள்ளத்தை மூடிவைக்க ஒட்டியதாகவே தில்லைநாயகத்துக்குப் பட்டது. மிச்சப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு வெளியே வந்தார்.

பஸ் நிறுத்தத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். சித்ரலேகாவிடம் எந்த முகத்தோடு இன்னொரு தடவை கேட்பது? சீவலப்பேரி பஸ் வந்தது, ஏறவில்லை. போனை எடுத்து, கூகுளில் டைட்டஸ் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'கார்டைத் திருடும் கடை, ஏமாறாதீர்கள்' என்று எழுதினார்.

ஆத்திரம் அடங்கவில்லை. பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவிலும் அதையே போட்டார். பள்ளிக்கூடத்துப் பதினைந்து கம்ப்யூட்டரையும் டைட்டஸிடம் பழுது பார்க்கக் கொடுக்கலாம் என்று போன வாரம் தலைமையாசிரியையிடம் சொன்னதே இவர்தான். டைட்டஸுக்கு அது தெரியாது. சொன்ன வாயாலேயே எச்சரிக்க வேண்டியதும் தன் கடமை அல்லவா?

பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அடுத்த தெருவில் இதே வேலை பார்க்கும் பிச்சைக்கண்ணுவிடம் போனார். பெட்டியையும் பில்லையும் மேஜையில் வைத்தார்.

"பில்லில இருக்க கார்டுதான் உள்ள இருக்கான்னு பாரும்வே."

"ஒட்டு இருக்கே அண்ணாச்சி. கிழிச்சா கேரண்டி போயிருமே."

தில்லைநாயகம் நகத்தால் தானே கிழித்தார்.

பிச்சைக்கண்ணு மூடியைக் கழற்றி, போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான். பில்லைப் பார்த்தான். திரும்பவும் உள்ளே பார்த்தான்.

"மாத்தித்தான் இருக்கான்."

"நான் என் காதால கேட்டேம்லா."

பிச்சைக்கண்ணு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். "சீவலப்பேரி அண்ணாச்சி நீங்கதானா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"பில்லில இருக்கது ரெண்டு ஜி.பி. கார்டு. உள்ள இருக்கது நாலு ஜி.பி. இது ஒண்ணே எட்டாயிரம் வரும். டைட்டஸு தன் சொந்த மிஷின்ல போட்டிருந்தது, போன வருஷம் நான்தான் அவனுக்கு வித்தேன்."

தில்லைநாயகம் பில்லை இழுத்துப் பார்த்தார்.

"உங்களுக்காக வாங்கின கார்டு ஒரு மணி நேரம் ஓடினா சூடாகி நின்னுருதாம். வித்தவன் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டான். என்கிட்ட வேற கார்டு இருக்கான்னு நேத்து கேட்டான், நான் இல்லன்னேன். இன்னைக்கு போன் போட்டு, 'என்னோடதையே கழத்தி அண்ணாச்சிக்குப் போட்டுட்டேம்லே'ங்கான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"நானும் அதத்தான் கேட்டேன். சொன்னா, துட்டு கூட்டிக் கேக்கதுக்கு வழி பண்ணுதான்னு நீங்க நினைச்சிருவீங்களாம். ஞாயித்துக்கிழமைக்கு வேணும்னு சின்னப்பிள்ள மாதிரி வந்து நிக்காரு, இல்லன்னு சொல்ல மனசு வரலன்னான்."

தில்லைநாயகத்துக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. கிழித்த தாள் இன்னும் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுதினதை முதலில் அழிக்க வேண்டும் என்று பதறிப்போய்ப் போனை எடுத்தார்.

தலைமையாசிரியையின் செய்தி வந்திருந்தது.

'நல்ல நேரத்தில் சொன்னீர்கள் சார். பதினைந்து கம்ப்யூட்டர் வேலையையும் வேறு கடைக்குக் கொடுத்தாச்சு.'